ஆடிய கல்லூரிக்கே கோச்சாகத் திரும்புவது: பாசம் மட்டும் போதுமா?

#1 கொலம்பஸ்வாசி

ஒவ்வொரு வருஷமும் என்எஃப்எல்லில் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஒரு பெரிய வீரர் ஓய்வை அறிவித்த அன்றே, "இவர் நம் கல்லூரிக்குக் கோச்சாக வரட்டும்" என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அப்படி வருகிறவர் எந்தப் படியில் வந்து நிற்கிறார் என்பதை நாம் யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

நான் எப்போதும் நினைத்துப் பார்ப்பது 2011 ஜூலையை. லாக்அவுட் (ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தியது) தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வீரர்கள் சார்பில் லீக் மீது வழக்குப் போட்ட பத்துப் பேரில் டாம் பிரேடி, பெய்ட்டன் மேனிங்கோடு மைக் வ்ரேபலும் ஒருவர். லாக்அவுட் முடிவதற்கு முன்பே, 14 சீசன் ஆடிய வாழ்க்கையை நிறுத்திவிட்டு தான் ஆடிய ஒஹாயோ ஸ்டேட்டுக்கு லைன்பேக்கர் (தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) கோச்சாக வந்துவிட்டார். பேட்ரியாட்ஸோடு மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தவர். தடுப்பாட்டக்காரராக இருந்தும், ப்ளேஆஃப் உட்பட 12 முறை பாஸ் பிடித்து, பன்னிரண்டையும் டச்டவுன் ஆக்கியவர். அப்படிப்பட்டவர் ஏற்றுக்கொண்டது ஓர் அசிஸ்டன்ட் வேலை.

அவர் வந்த நேரமும் நல்ல நேரமில்லை. ஹெட் கோச் ஜிம் ட்ரெஸல் மே மாதக் கடைசியில் ராஜினாமா செய்திருந்தார். அணியை அவசரமாகக் கையில் எடுத்தவர் லூக் ஃபிக்கெல். 1993 முதல் 1996 வரை வ்ரேபலோடு அதே அணியில் ஆடியவர், ஒரே அறையில் தங்கியவர். நண்பன் தலைக்கு மேல் சுமை ஏறியபோது இவர் தோள் கொடுக்க வந்தார் என்றுதான் நான் அதைப் பார்த்தேன். அந்த சீசன் 6-7 (6 வெற்றி, 7 தோல்வி) என்று முடிந்தது, மிச்சிகனிடம் 40-34 தோல்வி. அடுத்து அர்பன் மேயர் வந்தார். வ்ரேபலை அனுப்பிவிடவில்லை, டிஃபென்சிவ் லைனைக் (தடுப்பு முன்வரிசை) கொடுத்தார். 2012ல் அணி 12-0. 2013 வரை அங்கே இருந்துவிட்டு என்எஃப்எல் அணியான டெக்ஸன்ஸுக்குப் போனார், பிறகு டைட்டன்ஸின் ஹெட் கோச் ஆனார்.

என் கருத்து இதுதான். கல்லூரிக்குத் திரும்புகிறவர் ஒரே ஒரு அறைக்கு (ஒரே இடத்தில் ஆடுகிற வீரர்களின் பிரிவு), பத்துப் பதினைந்து பையன்களுக்குப் பொறுப்பேற்று வரட்டும். அணியையே காப்பாற்றும் ரட்சகராக அவரைக் கூப்பிடக் கூடாது. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

#2 ரிசீவர்_ரசிகை

முழுவதும் ஒத்துப்போகிறேன். நீங்கள் சொன்னதற்கு ப்ரையன் ஹார்ட்லைனை விட நல்ல சான்று கிடையாது.

டால்ஃபின்ஸில் ரிசீவராக (பாஸ் பிடிப்பவர்) இரண்டு சீசன் ஆயிரம் யார்டு தாண்டியவர். 2012ல் ஒரே ஆட்டத்தில் 253 யார்டு எடுத்தவர். 2017ல் அதே ஒஹாயோ ஸ்டேட்டுக்குத் திரும்பியபோது கிடைத்தது குவாலிட்டி கண்ட்ரோல் வேலை. அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாதவர்களுக்காக: வீடியோவை வெட்டி ஒட்டுவது, எதிரணி எந்தச் சூழ்நிலையில் என்ன ஆடுகிறது என்று குறித்துவைப்பது, அடுத்த நாள் கூட்டத்துக்குத் தாள்களைத் தயார் செய்வது. அந்தக் காலத்து விதிப்படி, இந்தப் பதவியில் இருப்பவர் களத்தில் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே கூடாது. 2015 வரை என்எஃப்எல் ஜெர்சியோடு தெரிந்தவர், கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும்.

2018ல் ரிசீவர் கோச் இடம் காலியானபோதுதான் அறை அவர் கைக்கு வந்தது. அதற்கப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். 2022 டிராஃப்ட் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் காரெட் வில்சன், கிறிஸ் ஒலாவே. 2023ல் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா. 2024ல் நான்காவது தேர்வாக மார்வின் ஹாரிசன் ஜூனியர். 2025ல் எமெக்கா எக்புகா. நான்கு வருஷம் தொடர்ந்து முதல் சுற்றில் ஒரே அறையிலிருந்து ஆள் போயிருக்கிறது.

ஹார்ட்லைன் என்எஃப்எல்லில் ஆடியதால் மட்டும் இது வரவில்லை என்று நான் நம்புகிறேன். அவர் அதிவேக ஆட்டக்காரர் கிடையாது, நான்காவது சுற்றில் எடுக்கப்பட்டவர். கால் வைப்பு, ஓடும் கோணம், தடுப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது, இவற்றை வைத்துத்தான் பிழைத்தார். பிறவித் திறமையை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது, ஆனால் பிழைத்த வழியைச் சொல்லிக்கொடுக்கலாம்.

#3 லிங்கன்_பழைய_மாணவன்

இதைப் படிக்கும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. நான் நெப்ராஸ்காவில் படித்தவன். ரட்சகர் என்று எழுதினீர்களே, அந்தச் சொல் எங்கள் ஊருக்கே எழுதியது போல இருந்தது.

ஸ்காட் ஃப்ராஸ்ட் நெப்ராஸ்கா மண்ணிலேயே பிறந்தவர். 1997ல் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நின்று எங்களுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அதற்கப்புறம் என்எஃப்எல்லில் சேஃப்டியாக (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) ஆடினார். அண்ணா, உங்கள் படிக்கட்டுக் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. அவர் நேராக வந்து நாற்காலியில் உட்காரவில்லை. உதவியாளர் வேலையிலிருந்து தொடங்கினார். நார்தர்ன் அயோவா, ஆரிகன் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) 2015ல் 0-12. அதை எடுத்து 2017ல் 13-0 ஆக்கினார். இதைவிட ஒருவர் என்ன தயாரிப்பு செய்துவிட முடியும்?

அப்படிப்பட்டவர் 2018ல் வீடு திரும்பியதும் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. 2021ல் 3-9, அந்த ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்காவது குவார்ட்டர் வரை நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்போம். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 தோற்ற மறுநாளே வேலை போனது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 15 மில்லியன் டாலரிலிருந்து 7.5 மில்லியனாகக் குறைந்திருக்கும். அதுவரைகூடப் பொறுக்க முடியவில்லை என்றால் காயம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். மொத்தக் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி.

வெளியாள் தோற்றால் கோபம் வரும், போய்விடும். நம் வீட்டுப் பிள்ளை தோற்றபோது எனக்குக் கோபப்படக்கூட முடியவில்லை. என் அறையில் 1997 போஸ்டர் இருந்தது. அதைக் கழற்றவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

#4 பழைய_ஏடு

லிங்கன் நண்பருக்கு என் ஆறுதல். ஆனால் ஒரு ஃப்ராஸ்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஹெட் கோச்சாகத் திரும்பி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டீவ் ஸ்பரியர். 1966 ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி வீரர் விருது) வென்ற ஃப்ளோரிடா குவார்ட்டர்பேக். அவருடைய கடைசி என்எஃப்எல் சீசன் 1976, டாம்பா பே 0-14 என்று முடித்த சீசன். 1978ல் ஃப்ளோரிடாவுக்கே குவார்ட்டர்பேக் கோச்சாக வந்தார், ஒரு வருஷத்தில் வெளியே போனார். ஜார்ஜியா டெக், டியூக், யுஎஸ்எஃப்எல் (இன்னொரு தொழில்முறை லீக்), மறுபடி டியூக் என்று சுற்றி, 1989ல் டியூக்கை மாநாட்டு (கல்லூரி அணிகளின் குழு) பட்டத்தில் பங்குபெற வைத்துவிட்டு 1990ல் திரும்பினார். அதுவரை ஃப்ளோரிடா கையில் நிலைத்த ஓர் எஸ்இசி (ஃப்ளோரிடா ஆடும் மாநாடு) பட்டம்கூடக் கிடையாது. இவர் ஆறு வாங்கினார், அது போக 1996ல் தேசியப் பட்டமும்.

மிச்சிகனின் பழைய குவார்ட்டர்பேக் ஜிம் ஹார்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்எஃப்எல்லில் ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994 முதல் வெஸ்டர்ன் கென்டக்கியில் அப்பாவிடம் சம்பளம் இல்லாத அசிஸ்டன்ட். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஒரு குவார்ட்டர்பேக், ஒரு சின்னக் கல்லூரிக்காகப் பள்ளிப் பையன்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சான் டியாகோ, ஸ்டான்ஃபோர்ட், ஃபார்ட்டிநைனர்ஸ் எல்லாம் முடித்து 2015ல்தான் மிச்சிகன். அங்கேயும் ஒஹாயோ ஸ்டேட்டிடம் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. 2020ல் 2-4 ஆனதும் சம்பளத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். 2023ல் 15-0.

பேர் ப்ரையன்ட் என்எஃப்எல்லில் ஆடியவர் இல்லை, ஆனாலும் அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1958ல் ஏன் அலபாமாவுக்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, அம்மா கூப்பிட்டாள் என்றார். திரும்பி வருகிற எல்லோருக்கும் பேசுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது.

நான் பார்த்தவரை வித்தியாசம் பதவியில் இல்லை, அவகாசத்தில். ஹார்பாவுக்கு ஆறாவது வருஷத்துக்கு அப்புறம்தான் பலன் வந்தது. ஃப்ராஸ்டுக்கு அது கிடைக்கவில்லை.

#3 லிங்கன்_பழைய_மாணவன் (பதில்)

அவகாசம் கொடுத்தோம் ஐயா, நான்கு முழு சீசன் கொடுத்தோம். ஹார்பா 2015, 2016 இரண்டிலும் பத்து ஆட்டம் ஜெயித்தார். எங்களுக்கு ஒரு வருஷம்கூட ஆறு வரவில்லை.

#5 சனிக்கிழமை_விசில்

நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் லைன்பேக்கர்களுக்குத் தன்னார்வக் கோச். அதனால் இந்த விஷயத்தை வேலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என்எஃப்எல்லில் 14 வருஷம் ஆடியவர் கல்லூரி லைன்பேக்கர் அறைக்குள் வந்தால் முதலில் அவரே சிலவற்றை மறக்க வேண்டும். லைன்பேக்கருக்கு முதல் பாடம், பந்தைப் பார்க்காதே, எதிரில் இருக்கும் கார்டின் (தாக்கும் அணியின் முன்வரிசை ஆள்) அசைவைப் பார் என்பது. கார்டு முன்னேறி வந்தால் ஓட்டம், பின்வாங்கினால் பாஸ். என்எஃப்எல்லில் பாஸ் என்றால் லைன்மேன் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது. கல்லூரியில் மூன்று யார்டு வரை போகலாம். அந்த இரண்டு யார்டுக்குள்தான் ஆர்பிஓ (ஓட்டமா பாஸா என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவெடுப்பது) ஆட்டங்கள் எல்லாம் பிழைக்கின்றன. கார்டு ஓட்டம் மாதிரியே முட்டிக்கொண்டு வருவான், லைன்பேக்கர் அவனை எதிர்க்க முன்னே ஓடுவான், அவன் விட்டுப்போன இடத்தில் பாஸ் போய் விழும். பையன் பாடத்தைச் சரியாகச் செய்தும் ஏமாறுகிறான். இதை அவனுக்கு விளக்க வேண்டும் என்றால், கோச் தன் உடம்பில் ஊறிப்போனதை எடுத்துப் பிரித்து வைக்க வேண்டும்.

ஹாஷ் கோடும் (பந்தை எந்த அகலத்துக்குள் வைக்கலாம் என்று காட்டும் இரண்டு கோடுகள்) அப்படித்தான். என்எஃப்எல்லில் இரண்டுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம், கல்லூரியில் 40 அடி. பந்து ஓரமாக வைக்கப்பட்டால் ஒரு பக்கம் பெரிய வெட்டவெளி. தடுப்பு முழுவதையும் அகலப் பக்கம், குறுகிய பக்கம் என்று பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஹெல்மெட் ரேடியோவைப் பாருங்கள். என்எஃப்எல்லில் 2008 முதல் தடுப்பாட்டக்காரர் ஒருவர் காதிலும் கோச் குரல் கேட்கிறது. மேல்மட்டக் கல்லூரி அணிகளுக்கு அது 2024ல்தான் வந்தது. வ்ரேபல் போன 2011ல் எல்லாம் கை சைகை.

அப்புறம் நேரம். தொழில்முறை வீரனுக்கு இது முழுநேர வேலை. கல்லூரியில் சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) அனுமதி, ஒரு நாள் கட்டாய ஓய்வு. வீடியோ பார்ப்பது, பளு தூக்குவது, பயிற்சி எல்லாம் அதற்குள். அவன் காலையில் வகுப்புக்குப் போய்விட்டு வருகிறான், மறுநாள் தேர்வு இருக்கிறது. தான் தேர்ந்த வயதில் கற்றதையெல்லாம் 18 வயதுப் பையன் தலையில் கொட்டுகிற கோச் அங்கே தோற்றுப்போவார். எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்தவர் நிற்பார்.

நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். முதல் வருஷம் என் பையன்களுக்கு நோட்டு நிறைய எழுதிக்கொடுத்தேன். ஆட்ட நாளில் அவர்கள் யோசித்துக்கொண்டே நின்றார்கள், கால் நகரவே இல்லை. இரண்டாம் வருஷம் மூன்றே விஷயம் சொன்னேன்.

#6 தேன்மொழி_அம்மா

இங்கே எல்லோரும் அணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு பையனின் அம்மாவாகக் கேட்கிறேன்.

என் மகன் லைன்பேக்கர், பள்ளியில் மூன்றாம் வருஷம். போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு கோச் வீட்டுக்கு வந்தார். என்எஃப்எல்லில் ஆடியவர், அதே கல்லூரியில் படித்தவர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். இந்தக் கல்லூரி என் வீடு, உங்கள் மகன் என் மகன் மாதிரி என்றார். என் கணவர் அன்று இரவு தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஒன்பது வாரம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. என் மகன் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கொடுத்துவிட்டுப் போன தொப்பியை மட்டும் அலமாரிக்கு உள்ளே வைத்துவிட்டான்.

சொந்தக் கல்லூரி என்றால் நிலைத்து இருப்பார் என்று நம்பியதுதான் எங்கள் தவறா?

#1 கொலம்பஸ்வாசி (பதில்)

அம்மா, நம்பியது தவறே இல்லை. சொல்லாமல் போனது அவருடைய தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உண்மையையும் மறைக்கக் கூடாது. நான் புகழ்ந்து எழுதிய வ்ரேபலே மூன்று சீசன்தான் இருந்தார். ஜோயி போசா 2013ல் முதல் வருஷ மாணவனாக அவரிடம் வந்தான். ஒரே சீசன், அடுத்த ஜனவரியில் கோச் டெக்ஸன்ஸுக்குப் போய்விட்டார். போசா தங்கினான், அடுத்த கோச்சிடம் கற்றான், 2016 டிராஃப்டில் மூன்றாவது ஆளாகப் போனான். ஹார்ட்லைன் மாதிரி வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தவர்கள் குறைவு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட் கோச் மாறினால் வீரர்கள் வெளியேறுவதற்கென்று ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இடம்) தனியாக ஒரு காலம் திறக்கும். பொசிஷன் கோச் (ஒரு பிரிவுக்கு மட்டுமான கோச்) போனால் அப்படி எதுவும் கிடையாது. உங்கள் வீட்டு சோஃபாவில் உட்காருகிறவர் பெரும்பாலும் பொசிஷன் கோச்தான்.

#7 நடு_லைன்

தேன்மொழி அம்மாவுக்கு இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகன் ஆடும் இடத்தில் ஆடியவர். ஜேம்ஸ் லாரினைட்டிஸ், ஒஹாயோ ஸ்டேட் லைன்பேக்கர், மூன்று முறை ஆல்-அமெரிக்கன், 2007ல் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. ராம்ஸில் ஏழு வருஷம், செயின்ட்ஸில் ஒரு வருஷம். 2017ல் ஓய்வு. அதற்கப்புறம் ஒலிபரப்பில் நல்ல இடம்.

அதை விட்டுவிட்டு 2022ல் நோட்டர் டேமில் கிராஜுவேட் அசிஸ்டன்டாகச் சேர்ந்தார். அங்கே ஹெட் கோச், கல்லூரியில் அவரோடு சேர்ந்து லைன்பேக்கராக ஆடிய மார்கஸ் ஃப்ரீமன். கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்றால் 23, 24 வயதுக்காரர்கள் செய்கிற வேலை, மேற்படிப்பு வகுப்பில் பெயர் பதிந்திருக்க வேண்டும். இவருக்கு வயது 35. அடுத்த வருஷம் சொந்தக் கல்லூரிக்கு வந்தார், அங்கேயும் அதே கடைசிப் படி. 2024ல்தான் லைன்பேக்கர் கோச். அந்த சீசனின் இறுதி ஆட்டம் 2025 ஜனவரி 20ல், எதிரணி நோட்டர் டேம். ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து இருவரும் களத்தில் எதிரெதிரே இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒருவர் இவருக்கு முதல் வேலை கொடுத்தவர்.

பெயர் பெரியது என்பதற்காக யாரையும் நம்ப வேண்டாம் அம்மா. ஓய்வுக்கும் கோச் வேலைக்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். யாரும் பார்க்காத வேலையைச் செய்தாரா என்று பாருங்கள்.

#5 சனிக்கிழமை_விசில் (பதில்)

நடு_லைன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடுத்த முறை ஒரு கோச் வீட்டுக்கு வந்தால், அவர் ஆடிய ஆட்டங்களைப் பற்றி ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச விடாதீர்கள். உங்கள் மகனின் வீடியோவைப் போட்டு, இவன் இங்கே என்ன தவறு செய்தான், எப்படித் திருத்துவீர்கள் என்று கேளுங்கள். தாளும் பேனாவும் கொடுங்கள். கற்பிக்கத் தெரிந்தவர் உடனே வரையத் தொடங்கிவிடுவார். அவர் பேசும்போது யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். உங்களைப் பார்க்கிறாரா, பையனைப் பார்க்கிறாரா?

#8 லபக்_ரெட்

டெக்சஸ் டெக் ஆளாக ஒரு சின்னப் பதிவு. கிளிஃப் கிங்ஸ்பரி எங்கள் குவார்ட்டர்பேக், 2013ல் ஹெட் கோச்சாகத் திரும்பினார், ஆறு சீசனில் 35-40, வேலை போனது. ஆனால் பேட்ரிக் மஹோம்ஸ் எங்களிடம் ஆடிய மூன்று வருஷமும் அவருடைய கோச் கிங்ஸ்பரிதான். எங்கள் தடுப்பாட்டம் மோசம், அதற்கு அவர்தான் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் அணியின் கணக்கையும் தனித்தனியாகப் பார்க்க நான் கற்றுக்கொண்டேன். அவர் வந்ததற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

#3 லிங்கன்_பழைய_மாணவன் (பதில்)

லபக் நண்பரே, இதை வாசித்ததும் கொஞ்சம் லேசாக இருக்கிறது. 1997 போஸ்டரைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

கொலம்பஸ்வாசி அண்ணாவுக்கு: உங்கள் கருத்தை இப்படி மாற்றி ஏற்றுக்கொள்கிறேன். ரட்சகராக வந்தது ஃப்ராஸ்டின் தவறு இல்லை, அப்படிக் கூப்பிட்டது நாங்கள்.

#6 தேன்மொழி_அம்மா (பதில்)

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கார்டு மூன்று யார்டு வரை வரலாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, தன் வீடியோவை எடுத்துக்கொண்டு வந்தான். போன சீசனில் தான் ஏமாந்த இடங்களைத் தேடித் தேடிக் காட்டினான். இரவு பதினொன்றரை வரை இரண்டு பேரும் அதையேதான் பார்த்தோம்.

வருகிற வியாழக்கிழமை வேறொரு கல்லூரியிலிருந்து ஒருவர் வருகிறார். அவரும் அங்கேயே ஆடியவர்தான். மேஜையில் தாளும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டேன்.